எதிர்க்கடை அக்காவின் தீபாவளி ரவிக்கைகள்

சிங்கப்பூரில், தேக்கா சந்தையின் மேல்மாடியில் எனக்கு ஒரு தையல்கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, துணி மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. அதற்கு மேல் கைகால் நீட்ட இடமில்லை. நேர் எதிரே, நடைபாதைக்கு அந்தப் பக்கம், இன்னொரு தையல்கடை. அந்தக் கடைக்காரரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நன்றாகவே மூத்தவர். அவர் எனக்கு வைத்திருந்த பெயர் ‘அல்லேலூயா’.

முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட மாட்டார். தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார்: “ஜிப்பு மாத்தணும்னா எதிர்ல அல்லேலூயா கடையில கேளுங்க. ரவிக்கைன்னா இங்க வாங்க.” குரலை மட்டும் என் மேசை வரைக்கும் எட்டுகிற அளவுக்கு வைத்துக்கொள்வார்.

நான் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். அப்பா அம்மா காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆலயம், மதியம் கோழிக்குழம்பு, பிறகு தூக்கம். மதத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறந்து விவாதம் செய்கிற ஆள் இல்லை. கடைச் சுவரில் பைபிள் வசனம் போட்ட ஒரு நாள்காட்டி மட்டும் தொங்கும். கடை திறந்த புதிதில் அக்கா வந்து அதைச் சுட்டிக்காட்டினார்.

“நான் உக்காந்தா எனக்கு நேரா அதுதான் தெரியுது. நாள் முழுக்க அதையே படிக்கணுமா?”

“இல்லக்கா, மாத்தி மாட்டிடுறேன்.”

மாற்றி மாட்டினேன். திரைக்குப் பின்னால்தான் இடம் இருந்தது. அதன் பிறகு அந்த வசனங்களைப் படித்தவர்கள் பாதி ரவிக்கையில் கையை நுழைத்துக்கொண்டு நின்ற பெண்கள் மட்டும்தான். சிலர் வெளியே வந்து, “இன்னிக்கு நல்ல வசனம்” என்பார்கள். சிலர், “கை டைட்டா இருக்கு” என்பார்கள்.

நாள்காட்டி விஷயத்தைச் சிரித்துக் கடந்துவிட்டேன். அடுத்தது அப்படிக் கடக்க முடியவில்லை. ஒரு பெண் பட்டுச்சேலையும் ரவிக்கைத் துணியும் கொடுத்துவிட்டுப் போனவள், மறுநாளே வந்து வெட்டாத துணியைத் திருப்பிக் கேட்டாள். கண்ணைப் பார்க்காமல் காரணம் சொன்னாள். “நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டே தைப்பீங்களாம். அதைப் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போகக் கூடாதுன்னு எதிர்ல அக்கா சொன்னாங்க.”

நான் தைக்கும்போது ஜெபம் செய்வதில்லை. கை இறக்கமும் கழுத்து ஆழமும்தான் தலையில் ஓடும். ஆனால் அன்று சாயங்காலம் உண்மையாகவே ஜெபம் செய்தேன். “ஆண்டவரே, அந்த அக்காவுக்கு வேற இடத்துல நல்ல கடையா ஒண்ணு கிடைக்கட்டும். ரொம்பத் தூரத்துல.” வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறார்.

“பெரிய பெரிய பெட்டியையெல்லாம் நாங்க நகர்த்திடுவோம் லா. உன் எதிர்க்கடையை நகர்த்துற மெஷின் எங்ககிட்ட இல்லை” என்றார்.

பகைவரை நேசி என்று ஆலயத்தில் கேட்கும்போது எனக்கு எப்போதும் யாரோ தூரத்து ஆட்கள்தான் ஞாபகம் வருவார்கள். வாளோடு, குதிரையோடு. காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, எனக்கு முன்னாலேயே தலைவாரிப் பூ வைத்துக்கொள்கிற ஒருவரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. தையல்காரர்களுக்கு அது சாப்பிட நேரமில்லாத காலம். அக்காவின் கடையில் துணிப்பைகள் கூரைவரை ஏறியிருந்தன. ஒரு நாள் காலை கீழே மீனும் காய்கறியும் விற்கிற ஈரச் சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ‘தொப்’பென்று சத்தம். திரும்பினால் மீன்கடைத் தரையில் அக்கா உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

மீனை விட்டுவிட்டு அவரைத் தூக்கினேன். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், நான் ஏதோ முணுமுணுத்ததும் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“ஜெபத்தை ஆரம்பிச்சுடாதீங்க.”

“இல்லக்கா. மீன்காரருக்குக் காசு குடுத்தேனான்னு யோசிக்கிறேன்.”

அவ்வளவு வலியிலும் அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

எலும்பு முறிந்திருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். தைக்கக் கூடாது, வெட்டக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அவருக்குக் கணவர் இல்லை, மகள் ஆஸ்திரேலியாவில். மறுநாள் கடையைத் திறந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, துணிப்பைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. “ஆகிடும்மா, ஆகிடும்” என்று எல்லோரிடமும் சொன்னார். எப்படி ஆகும் என்று அவருக்கும் தெரியாது. மேல்மாடியில் மற்றத் தையல்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் கழுத்துவரை வேலை.

என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நான் நாலடி தூரத்தில் இருந்தேன்.

அன்பு பொங்கி வழிந்து நான் எழுந்து போனேன் என்று சொன்னால் பொய். முதலில் மனதுக்குள் ஒரு சின்னக் கெட்ட சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடுதான் நடைபாதையைத் தாண்டினேன்.

“அக்கா, எனக்கு இந்தத் தடவை ஆர்டர் ரொம்ப இல்லை. மத்தியானத்துக்கு மேல உங்களுக்குத் தைச்சுத் தர்றேன்.”

அவர் முகம் இறுகியது. “உதவி பண்ணி ஆள் பிடிக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்.”

“ஆள் பிடிக்க வரலக்கா. ரவிக்கை தைக்க வந்தேன்.”

“அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

திரும்பி வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா அங்கே வந்து கத்தத் தொடங்கினார். அவர் போனதும் அக்கா என் பக்கம் பார்க்காமல், காற்றைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினார்.

“என் கடையில உக்காந்துதான் தைக்கணும். துணி வெளிய போகக் கூடாது.”

“சரிக்கா.”

“நான் சொல்ற மாதிரிதான் வெட்டணும்.”

“சரிக்கா.”

“கூலி வாங்கிக்கணும். சும்மா செஞ்சா அதுக்குள்ள சபை இருக்கும்.”

“சரிக்கா.”

“சிலுவைச் சங்கிலி உள்ள இருக்கட்டும். ஜெபம், பாட்டு எதுவும் கூடாது.”

சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளினேன். “வேற?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வேற ஒண்ணும் இல்லை. மெஷின்ல நூல் அடிக்கடி அறும். பாத்துக்குங்க.”

அவருடைய மெஷினுக்கு மேலே மாரியம்மன் படம். பூவும் குங்குமமுமாக. காலையில் ஏற்றிய ஊதுபத்தி மதியம்வரை மணக்கும். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நான் தைக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் சாக்பீஸ் பிடித்துக் கோணலாகக் கோடு போட்டு, “இங்க, இங்க வெட்டுங்க” என்பார். தோளோடு கையை இணைத்துத் தைக்கிற ‘கை ஏற்றுவதில்’ அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தோளில் ஒரு சுருக்கம் வந்தாலும் பிரிக்கச் சொல்வார். பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி பிரித்தேன். பகைவரை நேசிப்பதில் பாதி நேரம் தையல் பிரிப்பதிலேயே போய்விட்டது.

பாட்டுதான் பெரிய தொல்லை. எனக்குத் தைக்கும்போது முனகும் பழக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

“நிறுத்துங்க!”

“என்னக்கா?”

“பாடுறீங்க.”

“நானா?”

“பின்ன மெஷினா பாடுது?”

சரி என்று வாயை இறுக மூடிக்கொள்வேன். ஒரு கழுத்து முடிவதற்குள் மறுபடி ஆரம்பித்திருப்பேன். கடைசியில் அவரே வானொலியைத் திறந்து சத்தமாக வைத்தார். பழைய சினிமாப் பாட்டுகள். அதையும் நான் கூடவே முனகினேன். சில சமயம் அவர் காலும் தாளம் போட்டது.

செய்தி எங்கள் ஆலயத்துக்கும் போய்விட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“நீங்க தேக்காவுல அந்தப் பொம்பளை கடையில உக்காந்து தைக்கிறீங்களாமே? அவங்க நம்ம ஆண்டவரையே கேவலமாப் பேசுறவங்க. படத்துக்குக் கீழயே உக்காந்திருக்கீங்களாம். உங்களுக்கு ரோஷம் இல்லையா?”

“ஆன்ட்டி, ஆண்டவரை இதைவிட மோசமா எத்தனையோ பேர் பேசியாச்சு. அவர் தாங்கிப்பார். தீபாவளி தள்ளிப் போகாது.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கொஞ்சம் உறுத்தியது. நான் செய்வது அன்பா, வெறும் கோழைத்தனமா? புக்கிட் மேராவில் இறங்கும்வரை யோசித்தேன். மறுநாள் இன்னும் நிறைய ரவிக்கை இருந்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. போனேன்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா தானாகவே பேசத் தொடங்கினார்.

“எனக்கு ஒரு தம்பி இருக்கான். உங்க ஆளு.”

நான் மெஷினை நிறுத்தினேன்.

“கல்யாணத்துக்கு அப்புறம் மாறிட்டான். மாறட்டும், அது அவன் இஷ்டம். அம்மா செத்தப்ப நான் அவனைத்தான் நம்பியிருந்தேன். ஒரே பையன். கொள்ளி வைக்க மாட்டேன்னு சொல்லிட்டான். சித்தப்பா மகனைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து வைக்கச் சொன்னேன். இவன் உள்ளயே வரலை. மண்டாய் சுடுகாட்டு கார் பார்க்ல நின்னான். கார் பார்க்ல!”

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்றும், என்ன சொன்னாலும் அதைப் பிடித்துக் கிழிக்கலாம் என்றும் காத்திருந்த மாதிரி இருந்தது.

எனக்கு அந்தத் தம்பியின் பக்கமும் புரிந்தது. சடங்கு விஷயத்தில் என் வீட்டிலும் எவ்வளவோ குழப்பம் வந்திருக்கிறது. ஆனால் அவருக்காக வாதாட அது நேரமில்லை.

“அம்மா போன அன்னிக்கு உங்களைத் தனியா விட்டுட்டாரேக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் இடது கையால் துணிப்பைகளைக் கிளறினார். “அந்தப் பச்சை ரவிக்கைக்கு லைனிங் வெட்டிட்டியா?” என்று கேட்டார். அன்று அவர் என்னை ‘நீ’ என்று சொல்ல ஆரம்பித்ததை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

அந்தத் தம்பி ஒரு நாள் வந்து நின்றார். பஸ் ஓட்டுநர் சீருடையில், உயரமாக, தலையில் நரை. யாரோ உறவுக்காரர் சொல்லிக் கை முறிந்தது தெரிந்திருக்கிறது. கடை வாசலுக்குச் சற்று தள்ளி நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“உங்க ஆளு ஒண்ணு வந்திருக்கு பாரு.”

தம்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். மேலே மாரியம்மன், கீழே நான். “ஸ்தோத்திரம் சிஸ்டர். நீங்க எப்படி இங்க...”

“ஸ்தோத்திரம் அண்ணே. ஊக்கு தைக்கத் தெரியுமா?”

“என்ன?”

“ரவிக்கைக்கு ஊக்கு. அடுக்கி வச்சிருக்கேன். எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு.”

அவர் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். எனக்கு அவருடைய தயக்கம் தெரிந்தது. முதல் நாள் எனக்கும் இருந்தது. “நானும் இங்கதான் உக்காந்திருக்கேன் அண்ணே” என்றேன்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவனுக்கு நல்லாத் தெரியும். அம்மா வீட்டுல தைச்சப்ப நாங்க ரெண்டு பேரும்தான் ஊக்கு வச்சோம்.”

தம்பி காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பஸ் ஸ்டீயரிங் பிடித்த பெரிய விரல்களால் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்தார். எனக்குக்கூட இப்போதெல்லாம் அப்படி வராது. அன்று முழுக்க அக்கா அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

“அந்த ரெண்டாவது ஊக்கைக் கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கச் சொல்லு.”

“அண்ணே, ரெண்டாவது ஊக்கைக் கொஞ்சம் உள்ள தள்ளி...”

“கேட்டுச்சு சிஸ்டர்.”

“கேட்டுச்சாம்க்கா.”

“எனக்கும் கேட்டுச்சு.”

ஒரு கட்டத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் நூலை அறுத்துவிட்டேன்.

வேலை இல்லாத நேரங்களில் அவர் வந்துகொண்டே இருந்தார். தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம், குனிந்து ஊக்கு தைத்தபடியே பேசினார். இந்தத் தடவை என் வழியாக இல்லை.

“அக்கா. அம்மா காரியத்துல... கொள்ளி வைக்க என் மனசு ஒத்துக்கலை. அதை இப்பவும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா உன் பக்கத்துல வந்து நின்னிருக்கலாம். அதுக்கு யாரும் என்னைத் தடுக்கலை. நானாத்தான் கார் பார்க்ல நின்னேன். அது தப்பு.”

எனக்கு எழுந்து என் கடைக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே போகவேண்டும் என்றால் இருவரில் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அதனால் காலியான பாபினை எடுத்து ரொம்ப அக்கறையாக நூல் சுற்றினேன்.

அக்கா அளவு நாடாவை இடது கையால் சுருட்டினார். அது அவிழ்ந்தது. மறுபடி சுருட்டினார். தம்பி எட்டி அதை வாங்கிச் சுருட்டிக் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார்.

“கீழ போய் கோப்பி வாங்கிட்டு வா” என்றார் அவரிடம். “எனக்கு தே ஓ. சீனி கம்மி.”

“பால் போடாத டீ, எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுத் தம்பி எழுந்தார். அவர் படியிறங்கியதும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முறைத்தார்.

“என்ன பாக்குற? அந்தக் கையை ஏத்து. கல்யாணப் பொண்ணு அம்மா வந்து கத்தப்போறா.”

தீபாவளிக்கு முந்தின நாள் எல்லாப் பைகளும் போய்விட்டன. வெறும் கொக்கிகள் மட்டும் சுவரில் தொங்கின. அக்கா கூலியை என் கையில் வைத்து, எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் எண்ணாமல் உள்ளே வைத்ததற்குக் கோபித்துக்கொண்டார். கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“நாளைக்கு வீட்டுக்கு வர்றதுன்னா வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா.”

“வர்றேன்க்கா.”

“நீங்கல்லாம் சாமிக்குப் படைச்சதைச் சாப்பிட மாட்டீங்களே. உனக்குத் தனியா எடுத்து வச்சிடுறேன். படைக்கிறதுக்கு முன்னாடியே.”

எத்தனையோ தோழிகள் வீட்டுத் தீபாவளிக்குப் போயிருக்கிறேன். அன்பானவர்கள்தான். ஆனால் நான் எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிடத் தயங்குவேன் என்று என்னிடம் கேட்காமலே யோசித்தவர் யாரும் இல்லை. என் விசுவாசத்தை அவ்வளவு கவனமாகப் படித்து வைத்திருந்தவர் அதை வெறுத்த இந்த அக்காதான்.

மறுநாள் போனோம். முறுக்கு, அதிரசம், ஆட்டுக்கறி. கூடத்தில் இரண்டு தட்டுகள் தனியாக மூடி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று எங்களுக்கு. இன்னொன்றைத் திறந்து தம்பிக்கு முன்னால் வைத்தார். அவர் கண்ணை மூடித் தலை குனிந்தார். அக்கா நின்று காத்திருந்தார். அவர் கண்ணைத் திறந்ததும், “முடிஞ்சுதா? கறி போடட்டுமா?” என்று கேட்டார். என் கணவர் சிரிப்பை அடக்க அதிரசத்தை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு அவஸ்தைப்பட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு அக்காவின் கைக்கு வலு வர நாளாயிற்று. இப்போது நன்றாகத் தைக்கிறார். தம்பி வாரத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். எங்கள் ஆலயத்து ஆன்ட்டி போன மாதம் ஒரு ரவிக்கையை அக்காவிடமே தைக்கக் கொடுத்தார். என் கை ஏற்றம் சரியில்லையாம்.

அக்கா மாறவில்லை. ஆலயத்துக்கு வரவும் இல்லை, நான் கூப்பிடவும் இல்லை. முன்பு முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் இப்போது நேரே கேட்கிறார். அது ஒன்றுதான் வித்தியாசம். போன வாரம் கீழே சாப்பாட்டுக் கடையில் நாங்கள் போட்ட வாதத்தில் பக்கத்து மேசைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

“ஞானஸ்நானம்னு தண்ணியில முங்கினா எல்லாப் பாவமும் போயிடுமா? அப்ப நீச்சல்காரன்லாம்?”

“அப்படி இல்லக்கா...”

“பின்ன எப்படி? சொல்லு.”

சொன்னேன். பாதிக்கு மேல் எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“எனக்கு ஒத்துவராது. இப்பவும் சொல்றேன், உங்க சாமி எனக்குப் பிடிக்கலை.”

“சரிக்கா.”

“கோபமா?”

“இல்லக்கா.”

“அப்ப சாப்பிடு” என்று தன் தட்டிலிருந்து மீனின் நடுத்துண்டைப் பிய்த்து என் சோற்றில் வைத்தார்.